வாசலிலேயே இறக்கிவிட்டேன்

ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு மொத்த அலுவலகத்தையும் மாட்டிவிட்டவள் நான். அப்போது வேலையில் சேர்ந்து ஐந்தே வாரம்.

செங்கல்பட்டில் எங்கள் அலுவலகத்துக்கு (எது என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம்) தணிக்கைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். டெல்லியில் இருக்கும் தலைமைத் தணிக்கை அதிகாரியின் ஆள். அரசாங்கத்தையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற பதவி, மந்திரி சொன்னாலும் அசையாது என்று கண்காணிப்பாளர் சார் குரலைத் தாழ்த்தி விளக்கினார். வந்தவரோ ஒல்லியாக, கையில் தயிர்சாத டப்பாவோடு இருந்தார். எங்கள் பஜ்ஜியை அவர் தொடவே இல்லை. அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் பழைய கோப்புகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆட்சேபணை வந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு நான்கு கழிப்பறை கட்டியதாகக் கோப்பு சொன்னது. நான்கு புகைப்படத்திலும் வாசலில் ஒரே நாய், ஒரே காதை மடித்துப் படுத்திருந்தது. அத்தனை பேர் கையெழுத்துப் போட்ட படங்களில் அந்த நாயைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சார் என்னைத் தனியே அழைத்தார். "உன்கிட்டதாம்மா சிரிச்சுப் பேசுறாங்க. சாயந்தரத்துக்குள்ள எப்படியாவது டிராப் பண்ண வெச்சிடு. இல்லன்னா என் பென்ஷன் நின்னுடும்."

டிராப் என்றால் ஆட்சேபணையைக் கைவிடுவது. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். நான் ஸ்கூட்டர் சாவியோடு போய், மாமல்லபுரம் வரை டிராப் செய்வதாகச் சொன்னேன். (அங்கேதான் தங்கியிருந்தார்.)

"கழிப்பறையக் காட்டவா? ஆபீஸ்லேருந்து ஒருத்தர் கூட வரணும்னு நானே கேக்க இருந்தேன். நீதானா அது?"

நான்தான் என்றேன், பெருமையாக.

குப்பத்தில் நின்றது ஒரே கழிப்பறை. வாசலில் அதே நாய். மீன்கூடையோடு வந்த அக்காவிடம் மீதி மூன்று எங்கே என்று மேடம் விசாரித்தார்.

"நாலா? கீறதே ஒண்ணு. அதுக்கும் பூட்டு. இருட்ற வரிக்கும் அடக்கினு குந்தினு கீறோம்."

மேடம் பேனாவை எடுத்தார். அந்தப் பேச்சை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதினார். குப்பத்து அக்கா சொன்னது டெல்லி வரை போகப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மேடம் நீட்டிய தாளில் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது சார் போனில் வந்தார். "டிராப் ஆச்சா?"

"ஆச்சு சார். வாசல்லயே இறக்கிட்டேன்."

"எந்த வாசல்?"

"கழிப்பறை வாசல் சார்."

சாருக்குப் பென்ஷன் எட்டு மாதம் தாமதமாக வந்தது. என்னை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. குப்பத்தில் இப்போது நான்கு கழிப்பறை, எதற்கும் பூட்டு கிடையாது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு என் ஸ்கூட்டரில் ஏறும்போதெல்லாம் என் கணவர் கேட்கிறார்: "ஸ்டேஷன் வாசல்தானே?"