கடலுக்கு ஒரு ஜன்னல், காற்றுக்கு ஒரு ஜன்னல்

மேற்கு மலைச் சரிவில் இருந்த ஒரு காட்டில் மழைக்கென்றே ஓர் அலுவலகம் நடந்தது. அதன் தலைவர் மண்டூகராயர் என்ற தவளை. அவர் பிறந்தது, படித்தது, பதவி ஏற்றது எல்லாம் ஒரே குட்டையில்.

வைகாசியில் ஓர் ஆலா அங்கே வந்து இறங்கியது. கடல் தாண்டி வந்த பறவை. இறகெல்லாம் உப்பு.

"ஐயா, தூரக் கிழக்கே பெருங்கடல் சூடேறிக் கிடக்கிறது. மேகமெல்லாம் அங்கேயே போய்க் கூடுகிறது. அதனால் இந்தப் பக்கம் வருகிற தென்மேற்குக் காற்றுக்கு வலு இல்லை. மழை ரொம்பத் தாமதமாகும். குட்டைத் தண்ணீரைக் காப்பாற்றுங்கள்."

"கடல் விஷயமா? முதல் ஜன்னல்" என்றார் மண்டூகராயர், கண்ணைத் திறக்காமலே.

முதல் ஜன்னலில் இருந்த ஆமை, ஆலா எழுதி நீட்டிய மனுவை வாங்கிப் படித்தது. "கடல் சூடு சரி. ஆனால் காற்று என்று எழுதியிருக்கிறாயே! இரண்டாம் ஜன்னலுக்குப் போ."

இரண்டாம் ஜன்னலில் பருந்து. "காற்று சோர்ந்து கிடப்பது எனக்கே தெரியும். காரணம் கடல் என்கிறாய். அப்படியென்றால் முதல் ஜன்னல்."

"ஐயா, இரண்டும் சேர்ந்துதானே மழை?"

"சேர்த்து எழுதப் படிவம் கிடையாது."

ஆலா மூன்று நாள் வரிசையில் நின்றது. நான்காம் நாள் சினையாயிருந்த ஒரு புள்ளிமான் மூச்சு வாங்க வந்தது.

"ஐயா, நான் ஆற்றுப் பக்கம் போய்விடட்டுமா? இறங்க இரண்டு நாள் நடை. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த வயிற்றோடு என்னால் நடக்க முடியாது."

"இப்பவே கிளம்பும்மா" என்றது ஆலா.

"வரிசையில் நிற்பவர்கள் பேசக் கூடாது!" என்று அதட்டினார் மண்டூகராயர். "பத்து நாளில் மழை, அம்மா. எழுதியே தருகிறேன்." ஓர் இலையில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மான் ஆலாவைத் திரும்பிப் பார்த்தது. ஆலாவிடம் முத்திரை இல்லை. மான் தங்கிவிட்டது.

மழையை வரவேற்க விழா எடுத்தார்கள். மழைதான் வரப்போகிறதே என்று யானைகள் குட்டையைக் கலக்கிக் குளித்தன. பத்து நாள் போயிற்று. ஆனியும் போயிற்று. குட்டை சேறாகி, சேறும் காய்ந்து வெடித்தது. மானுக்குக் குட்டி பிறந்தது, பால் சுரக்கவில்லை. நான்காம் நாள் குட்டி எழுந்திருக்கவில்லை. நாக்கு வறண்டு போகும்வரை தாய் அதை நக்கிக்கொண்டே நின்றது.

காடு கொதித்தது. அவசரக் கூட்டம் கூடியது.

"இந்த ஆலா வாயைத் திறந்த நாளிலிருந்துதான் மழை இல்லை" என்றார் மண்டூகராயர்.

ஆமையும் பருந்தும் முதன்முறையாக ஒரே தாளில் கையெழுத்திட்டன. அது ஆலாவைக் காட்டை விட்டு விரட்டும் உத்தரவு.

ஆடி கடைசியில் மழை கொட்டியது. மறுநாளே மண்டூகராயருக்குப் பாராட்டு விழா.

"மழை வரும் என்றேன். வந்ததா, இல்லையா?"

காடே கைதட்டியது. மான் கடைசி வரிசையில் நனைந்தபடி நின்றது. பக்கத்தில் இருந்த முயல், "கைதட்டும்மா, பார்க்கிறார்கள்" என்றது.

நீதி: மழை வரும் என்று மட்டும் சொல்லுங்கள், என்றைக்காவது வந்து உங்கள் மானத்தைக் காப்பாற்றும். ஏன் வரவில்லை என்று விளக்கப் போனால், வராததற்கு நீங்கள்தான் காரணம்.