பதினோரு டன் காட்டெருமை

"வெர்னா, எடைக்குழாய் நாலும் எங்க?"

"வண்டியிலதான் இருக்கும்."

"வண்டியில இல்ல. ஒரு மைல் நடந்து போய்ப் பாத்துட்டு, ஒரு மைல் ஓடி வந்திருக்கேன்."

"நீதான ஏத்தின?"

"நீ ஏத்திட்டன்னு நான் நெனச்சேன்."

"நீ நெனச்சதையெல்லாம் கூடாரத்துக் கால்ல கட்டித் தொங்க விட முடியுமா, ஆர்லன்?"

ஆர்லன் ஹாகன் மேற்கே பார்த்தார். பைன் ஹார்பர் ஓவியச் சந்தையில் பகல் மணி ஒன்று. தலைக்கு மேலே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு மேகம் எழுந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு இடுப்பு இருந்தது, தோள் இருந்தது. உற்றுப் பார்த்தால், ஆர்லனின் விலாசத்தை யாரிடமோ விசாரித்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

கோடை முழுக்க ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் விற்பவருக்கு எடைக்குழாய்தான் உயிர். தார்ச்சாலையில் முளை அடிக்க விடமாட்டார்கள். சிமென்ட் ஊற்றி இறுக வைத்த குழாய்களை நாலு காலிலும் கட்டினால் அது கூடாரம். கட்டாவிட்டால் பட்டம். ஹாகன் தம்பதியின் குழாய்கள் நாலும் அந்த நேரத்தில் முந்நூறு மைல் தள்ளி, அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையின் தரை பறந்துவிடாமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

கூடாரத்துக்குள் நாற்பத்திரண்டு நீர்வண்ணப் படங்கள். ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தவை. ஒவ்வொன்றிலும் ஓர் ஏரி, ஒரு விடியல், ஒரு நீர்ப்பறவை. முப்பது வருஷத்தில் ஆர்லன் ஓர் அலைகூட வரைந்ததில்லை. இப்போது ஒரு வாளி மழை உள்ளே வந்தால் போதும், நாற்பத்திரண்டு ஏரியும் ஒரே ஏரியாகிவிடும்.

"கழட்டி மூட்டை கட்டிடலாமா?" என்றாள் வெர்னா.

"அஞ்சு மணிக்கு முன்னாடி கழட்டினா, சந்தை நடத்தற டார்லீன் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டா. ஒம்பது வருஷம் மனு போட்டு வாங்கின எடம் இது. கழட்டினாலும் எங்க கொண்டு போய் வெப்ப? தெரு முழுக்க அடைச்சிருக்கு. வண்டி ஒரு மைல் தள்ளி நிக்குது."

பக்கத்துக் கூடாரத்திலிருந்து கிளீட்டஸ் தலையை நீட்டினார். களிமண் கோப்பை செய்கிறவர். கெட்ட செய்தி சொல்வதென்றால் அவருக்குப் பண்டிகைச் சாப்பாடு.

"ரெண்டு இருபதுக்கு வந்துரும்," என்று கைபேசியில் வானிலை வரைபடத்தைக் காட்டினார். "பச்சைன்னா மழை. சிவப்புன்னா புயல். இது ஊதா. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு, ஊதாவை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"ரொம்ப சந்தோஷப்படாத கிளீட்டஸ். எங்க கூடாரம் பறந்தா உன் மேலதான் விழும்," என்றார் ஆர்லன்.

அது வரைக்கும் கிளீட்டஸ் யோசிக்கவில்லை. முகம் உடனே சுருங்கியது.

முதலில் கிடைத்தது ஐஸ். எதிரே எலுமிச்சைச் சாறு விற்ற பெண்மணி நாலு பெரிய மூட்டை ஐஸ்கட்டி கொடுத்தாள். காலுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு ஆர்லன் கைகளைத் தட்டிக்கொண்டார். பத்து நிமிஷம் நிம்மதியாக இருந்தார். அந்தப் பத்து நிமிஷமும் வெயில் சும்மா இருக்கவில்லை. மூட்டைகள் இளைத்தன. இளைத்ததெல்லாம் தண்ணீராகி, தெருவில் எவ்வளவோ இடம் இருந்தும், நேராகப் படப்பெட்டிகளைத் தேடிப் போனது.

"மழைக்கு முன்னாலயே நீ வெள்ளத்தைக் கொண்டு வந்துட்ட!" என்று வெர்னா துண்டோடு மண்டியிட்டாள். "மேகம் வேலை செய்யவே வேண்டாம். திரும்பிப் போகச் சொல்லு."

அடுத்தது சர்க்கரை. சோளப்பொரிக்காரன் நாலு மூட்டை சர்க்கரை இரவல் தந்தான். மூட்டை கனமானதுதான், ஆனால் கீழே ஐஸ் தண்ணீர் இருந்தது. கால் மணியில் நாலு காலிலிருந்தும் பாகு ஓடியது. ஆகஸ்ட் மாசத்துக் குளவிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விஸ்கான்சின் மாநிலத்துக் குளவிகள் அத்தனையும், உறவுக்காரக் குளவிகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கின. படம் வாங்க வந்த ஒரு தம்பதி கைப்பையைத் தலைக்கு மேல் சுழற்றியபடி ஓடினார்கள்.

"மணி ஒண்ணு அம்பது," என்று கிளீட்டஸ் அறிவித்தார். "இப்ப ஊதாவுக்கு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி. அது என்னன்னே தெரியல."

"சும்மா மணி சொல்லாம ஏதாவது உதவி பண்ணேன்யா!"

கிளீட்டஸ் நல்ல மனிதர்தான். கோப்பைப் பெட்டிகள் எட்டைத் தூக்கி வந்தார். சர்க்கரை போய், காலுக்கு இரண்டு பெட்டி கட்டியாயிற்று. கூடாரம் அசையாமல் நின்றது. குளவிகளும் பொரிக்காரன் பக்கம் குடிபெயர்ந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆர்லன் மூச்சு விடுவதற்குள், தொப்பி போட்ட ஓர் அம்மாள் வந்து, காலில் கட்டிய பெட்டியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள்.

"இது அழகா இருக்கே. ஆறு வேணும்."

ஆறு கோப்பை! ஆர்லனின் கணக்கில் அது வடமேற்குக் காலில் நாலு பவுண்டு.

"அது கொஞ்சம் கோணலா இருக்கும்மா," என்றார் தாழ்ந்த குரலில்.

"கோணலா?"

"காப்பி ஊத்தினா ஒரு பக்கமா நிக்கும். கைப்பிடியும் அவ்வளவு நம்ப முடியாது."

அம்மாள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரையும் ஆர்லன் அதே அக்கறையோடு அனுப்பி வைத்தார். நாலாவது ஆளிடம், களிமண்ணே உடம்புக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கிளீட்டஸ்.

"ஏன்யா, கால் மணி நேரமா ஒரு கோப்பைகூட விக்கலையேன்னு பாத்தேன். என் கோப்பைக்கு நீ என்ன, டாக்டரா?"

"புயல் போகட்டும் கிளீட்டஸ், நானே பத்து வாங்கிக்கறேன்."

"கைப்பிடியை நம்ப முடியாதுன்னியே, எப்படிக் குடிப்ப?"

எட்டுப் பெட்டியும் வந்த வழியே போயின. மணி இரண்டு ஐந்து. மேகம் தேவாலயக் கோபுரத்தைத் தொட்டுவிட்டது. வெயில் அணைந்தது. தெருவுக்குக் கிழக்கே இருந்த ஏரியிலிருந்து பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை. திடீரென்று வீசிய குளிர்ந்த காற்றில் கூடாரத்தின் ஒரு கால் அரை அடி எழும்பி, ஏதோ யோசித்துவிட்டு, மறுபடி இறங்கியது.

வெர்னா அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "ஆர்லன், ஏதாவது செய். சீக்கிரம்."

அப்போதுதான் ஆர்லனின் கண் தெருமுனைக்குப் போனது.

அங்கே நின்றது ஒரு காட்டெருமை. எட்டடி உயரம். உடம்பெல்லாம் துரு நிறம். கலப்பைக் கொழுவும் டிராக்டர் பல்சக்கரமும் சங்கிலியும் பற்றவைத்துச் செய்தது போன்ற உடல், தாடிக்கு முள்கம்பி. விடிகாலையில் எல்லோரும் வருவதற்கு முன்பே அது வந்து நின்றுவிட்டது. செய்தவர் எஃபி என்ற ஒல்லியான பெண்மணி. முதல் இடி கேட்டதுமே, இடியென்றால் ஆகாது என்று தேவாலயத்து நிலவறைக்கு ஓடிவிட்டார். எருமையின் கழுத்தில் ஓர் அட்டை: தயவுசெய்து தொடாதீர்கள்.

ஆர்லன் கயிற்றுச் சுருளோடு ஓடினார்.

"தொடக்கூடாதுன்னு போட்டிருக்கே!" என்று வெர்னா கத்தினாள்.

"நான் எங்க தொடறேன்? கட்டறேன்!"

முன்னங்கால் இரண்டையும் சுற்றிக் கயிற்றை விட்டு, எருமைமேல் விரல்கூடப் படாமல் நாகரிகமாக முடிச்சுப் போட்டு, மறுமுனையைத் தன் கூடாரச் சட்டத்தில் இறுக்கினார். கயிறு விண்ணென்று நின்றது. கிளீட்டஸ் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

"எருமை எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு டன்னாவது இருக்கும்."

கிளீட்டஸ் ஒரு கணம்தான் யோசித்தார். கோப்பை விஷயத்தை மன்னித்தார். தன் கூடாரத்தை ஆர்லனின் கூடாரத்தோடு கட்டினார். கிளீட்டஸுக்கு அடுத்த தோல்பைக்காரர், "எதுல கட்டியிருக்கு?" என்று கேட்டார். "எருமையில. மூணு டன்." அவர் கிளீட்டஸோடு கட்டினார். அவருக்கு அடுத்த மணிமாலைக்காரியிடம் எருமை ஐந்து டன்னாகப் போய்ச் சேர்ந்தது. தேன்மெழுகு விற்பவரிடம் எட்டு. வரிசையின் கடைசியில், பன்னிரண்டாவது கூடாரத்தில் மரக்கரண்டி விற்ற இரட்டைச் சகோதரர்களிடம் செய்தி வந்தபோது எருமை பதினோரு டன். அதை இறக்க ரயில்வேயிலிருந்து பாரம்தூக்கி வந்ததைத் தாங்களே கண்ணால் பார்த்ததாக அவர்கள் சத்தியம் செய்தார்கள்.

மஞ்சள் மழைச்சட்டையும் ஒலிபெருக்கியுமாக டார்லீன் ஓடி வந்தார்.

"யார் தெருவுக்குக் குறுக்கால கயிறு கட்டினது? எல்லாரும் சர்ச்சுக்குப் போங்க! கீழ, நிலவறைக்கு! உடனே!"

யாரும் அசையவில்லை. ஒருத்தர் முடிச்சில் இன்னொருத்தருக்கு நம்பிக்கை இல்லை. நான் போனபின் என் கூடாரம் அவிழ்ந்தால் பன்னிரண்டும் போகுமே என்று ஒவ்வொருவரும் தன் கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர்லன், நீங்களாவது வாங்க!"

"நான்தான் முதல் ஆளு, டார்லீன். எனக்கு அந்தப் பக்கம் எருமை, இந்தப் பக்கம் பதினோரு குடும்பம். எப்படி வரட்டும்?"

ஒலிபெருக்கி கீச்சிட்டு ஓய்ந்தது. புயல் வந்தது.

அது மழை மாதிரி மேலிருந்து வரவில்லை. பக்கவாட்டில், கதவை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. பன்னிரண்டு கூடாரமும் ஒரே மூச்சில் உப்பின. இருபத்து நாலு பேரும் இருபத்து நாலு கால்களில் தொங்கினார்கள். வெர்னா தரையில் இல்லை. அரை அடி உயரத்தில் சட்டத்தைக் கட்டிக்கொண்டு ஊஞ்சலாடினாள். படங்கள் மாட்டியிருந்த கம்பிவலையில் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆர்லன் வலது கையால் சட்டத்தையும், இடது கையால் ஏழாம் எண் விடியல் படத்தையும், பல்லால் ஒரு கயிற்றையும் பிடித்திருந்தார்.

"ஆர்லன்!" காற்றுக்கு மேலே வெர்னா கத்தினாள். "நான் ஒண்ணு சொல்லணும்!"

"ம்ம்!"

"குழாயை வண்டியிலேர்ந்து எறக்கினது நான்தான்! கொட்டகையில பூந்தொட்டிக்கு முட்டுக் குடுத்தேன்! மறந்துட்டேன்!"

ஆர்லன் கயிற்றைத் துப்பினார். "பூந்தொட்டிக்கா?"

"கோவமா?"

"மூணு நாளைக்குக் கோவப்படுவேன்! இப்ப கயித்தைப் புடி!"

அந்த நேரம்தான் அவர் அதைப் பார்த்தார். எருமை நகர்ந்தது. ஒரு சாண், பிறகு இன்னொரு சாண், தலையைக் குனிந்துகொண்டு, ஏரியை நோக்கி. இரண்டு டன்னையே இழுக்கிற காற்று என்றால் தன் எண்பது கிலோ எம்மாத்திரம்?

"எருமையே போகுது!" என்று அலறினார். "இழுங்க! எல்லாரும் பின்னால இழுங்க!"

அலறல் வரிசை நெடுக ஓடியது. இருபத்து நாலு பேரும் குதிகாலை ஊன்றி மேற்குப் பக்கம் சாய்ந்தார்கள். தோல்பைக்காரர் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னார். தெரியாத இடத்தில் கடை விளம்பரப் பாட்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். மணிமாலைக்காரி சுடச்சுடத் திட்டினாள். கயிறு முனகியது. எருமை நின்றது. ஒரு முழம் பின்னால்கூட வந்தது.

ஏழு நிமிஷம். ஆர்லனைக் கேட்டால் ஏழு மணி நேரம் என்பார்.

பிறகு யாரோ குழாயைத் திருகி நிறுத்தின மாதிரி எல்லாம் ஓய்ந்தது. வெயில் எட்டிப் பார்த்தது. அடுத்த வரிசையில் ஒரு கூடாரம்கூட இல்லை. ஏரியில் வெள்ளைத் துணிகள் கூட்டமாக மிதந்தன. இந்த வரிசையில் பன்னிரண்டும், கொஞ்சம் குடித்தவை போல், தோளோடு தோள் சாய்ந்து நின்றன.

வெர்னா படங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "நாப்பது... நாப்பத்தொண்ணு..." கடைசிப் படம் ஆர்லனின் இடது கையில் இருந்தது. "நாப்பத்திரண்டு! ஒரு ஏரிகூடக் கரையல!" சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். ஆர்லனும் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாள் கோபத்தில் இரண்டு நாளை அங்கேயே தள்ளுபடி செய்தார்.

எல்லோரும் எருமையைச் சுற்றிக் கூடினார்கள். அட்டைக்கு மரியாதை கொடுத்து ஒருவரும் தொடவில்லை. கிளீட்டஸ் ஈரத் தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் போட்டார். "உயிர் குடுத்த சாமி!" என்றார்.

தேவாலயப் பக்கமிருந்து, குடை மேல்நோக்கித் திரும்பியிருக்க, எஃபி ஓடி வந்தார். எருமையைப் பார்த்தார். அதன் காலைச் சுற்றிய கயிற்றைப் பார்த்தார். கயிறு போன வழியே பன்னிரண்டு கூடாரத்தையும் பார்த்தார். கண்கள் நிரம்பிவிட்டன.

ஆர்லன் கைகளைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார். "மன்னிக்கணும் எஃபி அம்மா. உங்களைக் கேக்காம கட்டிட்டோம்."

எஃபி அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிப்பா? காலையில நான் ஒரே ஆளா தலையில தூக்கிட்டு வந்த தெர்மோகோல் எருமைங்க இது. இந்நேரம் ஏரி தாண்டிப் பறந்திருக்குமேன்னு நான் கீழ ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்க, நீங்க இருபத்து நாலு பேரும் கட்டி இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கீங்களே!"