டொக்டொக் அண்ணனின் முதல் குளியல்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பாதிக் குடும்பங்களின் குளியலறையில், அந்தக் குடும்பத்தாருக்கு முந்தியே குளித்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டு. என் வீட்டிலும் குளித்திருக்கிறார். சொந்தத் துண்டு, சொந்தச் சோப்பு, சொந்த முகப்பவுடர் சகிதம் நாற்பது நிமிடம் குளித்தார். அந்த நாற்பது நிமிடமும் நான் கீழ்வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஏதாவது இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் அவர் டொக்டொக் அண்ணே. குளியலறை டைல்ஸைச் சுத்தம் செய்வது, பெயர்ந்ததை ஒட்டுவது, ஒழுகலை அடைப்பது அவர் தொழில். ஐம்பது காசு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் டொக் டொக் என்று தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்கு முன் இருபது வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்து வெளியே அனுப்பும் கியூசி பிரிவில் இருந்தவர். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது. அவர் கியூசியை விடவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் ஒரு காலி டப்பா.

அடுக்குமாடியில் நாங்கள் ஆறாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொற்கள்: சாப்டாச்சா, முறுக்கு, ஐயோ. மிச்சத்தை மலாயில் சமாளித்துக்கொண்டு என் மனைவி வாசுகியோடு பதினைந்து வருடம் சிநேகமாக இருந்தார். வாசுகிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ரத்தத்தைப் பார்த்து நான் மயங்கி விழுந்துவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஆன்ட்டிதான். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு டப்பா கீழே போகும். சீனப் புத்தாண்டுக்கு அதே டப்பா நிறைய மொறுமொறுவென்று குவே காப்பிட் என்ற மடிப்புப் பலகாரம் மேலே வரும்.

அந்த வருடம் டப்பா காலியாக வந்தது. கழுவித் துடைத்து, காலியாக.

ஆன்ட்டியின் குளியலறைக் கூரையில் மூன்று மாதமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "உங்கள் வீட்டுத் தண்ணீரா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் வாசுகி, எங்கள் வீடு இல்லவே இல்லை, கட்டடத்துக் குழாய்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டாள். பிறகு பராமரிப்பு அலுவலகத்து ஆள் வந்து பார்த்து, எங்கள் ஷவருக்கு அடியிலிருந்துதான் வருகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் லிஃப்டில் ஆன்ட்டி சாப்டாச்சா கேட்கவில்லை. வாசுகியும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தடுத்து மூன்று டைல்ஸ் குத்தகைக்காரர்களைக் கூப்பிட்டேன். மூவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "எல்லாத்தையும் ஒடச்சிடணும் அண்ணே" என்றார்கள். புக்கிட் மெர்தாஜாமில் வாசுகியின் தங்கை வீட்டுக் குளியலறை விமான நிலையம் மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு நிமிடம் வாசுகியின் கண்ணில் அந்த விமான நிலையம் வந்து போனது. அப்புறம் ஒரு மாதம் இடிக்கிற சத்தத்தை ஆன்ட்டி கேட்க வேண்டுமே என்ற நினைப்பு வந்து, வேண்டாம் என்றாள்.

சூலியா தெருவில் நான் சாப்பிடும் கடை முதலாளியிடம் புலம்பினேன். அவர் மீன்தலையை என் தட்டில் வைத்தபடி சொன்னார்: "டொக்டொக்கக் கூப்புடுங்க அண்ணே. ஒடைக்க மாட்டாரு. ஆனா கடைசியில குளிப்பாரு. தடுத்துடாதீங்க. நம்ம வீட்லயும் குளிச்சுட்டுத்தான் போனாரு."

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில், பின்னால் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஒல்லி. காதுமடல் இரண்டும் மட்டும் பெரிது. என்னை அண்ணே என்றார். நானும் அவரை அண்ணே என்றேன். வயதை இருவருமே சொல்லிக்கொள்ளாததால் கடைசிவரை அப்படியே ஓடிவிட்டது.

"ஃபேன நிறுத்துங்க. டிவியையும்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் எங்கள் குளியலறையிலிருந்து டொக் டொக் மட்டும் கேட்டது. வாசுகியும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதுபோல் வெளியே நின்றோம்.

"அண்ணே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இந்த வீட்ல ஒருத்தர் எடது பக்கச் சொவத்துல தலைய சாச்சுத் தூங்கிக்கிட்டே குளிக்கிறாரு. எண்ணெக் கறை இருக்கு. அது நீங்கதான?"

"நான் யோசிப்பேன்" என்றேன்.

"தூக்கம்தான் அண்ணே! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், யாரு கேக்குறா?" என்றாள் வாசுகி, பாதி உடம்பை உள்ளே நுழைத்து.

தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்து மூலையில் அவர் குந்தி உட்கார்ந்தார். அங்கே டைல்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைச் சிமெண்டு அரித்துப் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் சுமார்தான். அந்த மூலையில் மட்டும், ஒரு மணைப்பலகை அளவுக்கு, பல் விழுந்த மாதிரி இடைவெளி. விரலை விட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். வாசுகியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு சிலிகான் வாங்கிட்டு வாங்க" என்றார்.

"உங்க வாளியிலயே ரெண்டு இருக்கே."

"அது வேற வெள்ளைலா."

வெள்ளையில் என்ன வேறு வெள்ளை என்று முனகிக்கொண்டே போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது. வாசுகி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எல்லாம் உங்க குளியல்தான்" என்றார் டொக்டொக் அண்ணே. "ஒரு மணி நேரம் தண்ணி ஊத்துனா பத்துமலையே கரைஞ்சுடும். இதுக்கு மேல ஏழு நிமிசம். அவ்ளோதான்."

நான் வாதாடினேன். தண்ணீரில் சிமெண்டு கரையுமானால் பினாங்குப் பாலம் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். "பாலம் சோப்பு போடுதா?" என்று திருப்பிக் கேட்டார். அதோடு விடாமல், வாளியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கோடு போட்டார். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், குறிப்பு, கையெழுத்து என்று ஐந்து கட்டம். ராஃபியா கயிற்றில் பேனாவைக் கட்டி எங்கள் குளியலறைக் கதவில் தொங்கவிட்டார். என் வீட்டில் குளிக்க நான் கையெழுத்துப் போட வேண்டிய நிலைமை அன்றுதான் வந்தது.

வேலையை மட்டும் குறை சொல்லவே முடியாது. கட்டை ரம்பத் தகட்டால் பழைய வெள்ளைச் சிமெண்டை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்தார். காலிச் சத்தம் போட்ட மூன்று டைல்களை மட்டும் பெயர்த்தார். மற்றதையெல்லாம் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கியுமாக உட்கார்ந்து தேய்த்ததில், பழுப்பு என்று நாங்கள் நினைத்திருந்த டைல் பூக்கள் உண்மையில் ஆரஞ்சு நிறம் என்று தெரியவந்தது. தரையில் நீர் இறங்காத பூச்சு இரண்டு கை அடித்தார். பெயர்த்த மூன்றும் உடைந்துவிட்டன. அந்தப் பூ டைல் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் வீட்டில் சேர்த்து வைத்திருந்த குவியலிலிருந்து நீல மீன் போட்ட மூன்று டைல்களைக் கொண்டுவந்து பதித்தார்.

"பூவுக்கு நடுவுல மீனா அண்ணே?" என்றாள் வாசுகி.

"தண்ணி இருக்குற எடத்துல பூ வந்ததுதான் அக்கா தப்பு. மீனு கரெக்டுலா."

கேட்காத ஒரு வேலையும் செய்தார். பின்பக்க பால்கனியில், முழங்கால் உயரத்தில், புதிதாக ஒரு குழாய். எதற்கு என்றேன். "ஒரு கொழாய் மிச்சம் இருந்துச்சு" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூலைகளில் சிலிகான் இழுத்த பிறகு குளியலறை வாசலில் குறுக்கே ராஃபியா கட்டி, மூன்று நாள் யாரும் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளும் கழிப்பறைக்குள் வாளி வைத்து, முட்டி கதவில் இடிக்க, செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். தினமும் காலையில் ஃபோன் வரும்.

"அண்ணே, ஷவர்ல குளிச்சீங்களா?"

"இல்ல அண்ணே."

"கொரல்ல ஈரம் தெரியுதே."

நான்காம் நாள் சோதனை. டொக்டொக் அண்ணே துண்டும் சோப்புமாக வந்து நின்றார். "டெஸ்ட் பண்ணாம சரக்க வெளிய விட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு எங்களைக் கீழே அனுப்பினார். ஆன்ட்டியின் கதவை வாசுகிதான் தட்டினாள். ஆன்ட்டி கதவைத் திறந்தார். சிரிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார், அவ்வளவுதான். அவருடைய குளியலறைத் தரையில் நாளிதழ்களை விரித்து, மூன்று பேரும் சுவரோரமாகப் பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து மேலே பார்த்தோம்.

மேலே தண்ணீர் விழத் தொடங்கியது. கூடவே ஒரு பாட்டும் குழாய் வழியாக இறங்கி வந்தது. சுருதி என்ற ஒன்று இருப்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம்.

"யார் அது?" என்று மலாயில் கேட்டார் ஆன்ட்டி.

"டைல்ஸ் போட்டவர்."

"ஏன் குளிக்கிறார்?"

அதற்கு மலாயில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது.

பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஏழு நிமிடச் சட்டம் போட்ட மனிதர் மேலே நாற்பது நிமிடம் குளித்தார். அந்தச் சின்ன அறையில் காற்றே இல்லை. வாசுகி கூரையின் பழைய கறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொட்டு விழுந்தால் பதினைந்து வருடம் போச்சு என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் சாமி கும்பிடுவதில் அவ்வளவு கெட்டியில்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

தண்ணீர் நின்றது. சற்றுப் பொறுத்து டொக்டொக் அண்ணே தலையை வகிடெடுத்து வாரி, முகத்தில் பவுடரோடு மாப்பிள்ளை மாதிரி வந்து சேர்ந்தார். தரையில் மண்டியிட்டு நாளிதழை ஒவ்வொரு தாளாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முதல் தாள் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதில் ஒரு ஈரப் புள்ளி.

ஆன்ட்டியின் உதடு இறுகியது. அண்ணே அந்தப் புள்ளியை மோந்து பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இது மேலேர்ந்து வந்தது இல்ல. அண்ணனோட வேர்வை."

என் மூக்கு நுனியில் அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி முதலில் அதைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்த முடியாமல் விட்டுவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் இத்தனை நாள் எதனால் ஒழுகியது?" என்று கேட்டார்.

வாசுகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு முன்னால் டொக்டொக் அண்ணே என்னை நோக்கி விரலை நீட்டிவிட்டார். "தியா மண்டி லாமா." இவர் ரொம்ப நேரம் குளிக்கிறார் என்று அர்த்தம்.

ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஐயோ" என்றார். பிறகு வாசுகியின் கையைப் பிடித்து, இப்படி ஒரு ஆளோடு காலம் தள்ளுகிறாயே என்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டி, "சாப்டாச்சா?" என்றார். வாசுகி அழுதேவிட்டாள்.

அதன் பிறகு எட்டு மாதம் நான் கையெழுத்துப் போட்டுக் குளித்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் வாசுகி சில நாள் 'பாட்டு' என்றும், சில நாள் 'தூக்கம்' என்றும் எழுதுவாள். லிஃப்டில் ஆன்ட்டி என்னைப் பார்த்தால் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். அடுக்குமாடிக் காவலாளிக்குக்கூட விஷயம் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம், பால்கனியில் புதுக் குழாயடியில் உட்கார்ந்து வாசுகி பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்துத்தான் தேய்ப்பாள். அன்று பார்த்தால் பேசினில் விரிசல். அதன் வழியாகப் புளித்தண்ணீர் பல வாரமாகத் தரையில் இறங்கியிருக்கிறது. அந்த இடத்துச் சிமெண்டு மட்டும் சொரசொரவென்று அரித்திருந்தது.

"புளி சிமெண்டத் தின்னுது பாரேன்" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமையில்.

வாசுகியின் தோள் குலுங்கியது. எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. வருடக்கணக்கில், ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும், வெள்ளிக்கிழமை பூஜைக்காக இந்த விளக்குகளை அவள் எங்கே உட்கார்ந்து தேய்த்தாள்? ஷவரில், ஓட்டைக்குப் பக்கத்து மூலையில், மணைப்பலகை போட்டு.

"ஒங்கள சிலிகான் வாங்க அனுப்பிட்டு எங்கிட்ட சொன்னாரு" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "'அக்கா, இங்க ஒக்காந்துதான வெளக்குத் தேய்க்கிறீங்க? புளியும் சிமெண்டும் ஒத்துக்காது. பின்னால ஒரு கொழாய் போட்டுத் தர்றேன், பேசின் வச்சுத் தேய்ங்க'ன்னாரு. நான் ஆன்ட்டிகிட்ட ரெண்டு தடவ நாங்க இல்லன்னு சொல்லிட்டேனேன்னு அழுதேன். 'நான் பாத்துக்கிறேன்'னு சொன்னாரு. இப்படிப் பாத்துப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஃபோனை எடுத்தேன். எட்டு மாதக் கோபத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் யாரோ வீட்டுச் சுவரை டொக் டொக் என்று தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"முடிஞ்சுதா அண்ணே?" என்றார். "ஒங்களுக்கு ஒரு கெட்ட பேரு கூடுனா என்ன கொறஞ்சுடப் போவுது? நீங்க தாங்குவீங்க. அக்காவுக்கு அந்த ஆன்ட்டி ஒருத்தங்கதான. சரி, அட்டையில கையெழுத்துப் போடுறீங்கதான?"

என் வீட்டில் எது உள்ளே காலியாகச் சத்தம் போடுகிறது என்பதை ஐம்பது காசை வைத்துக் கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்துவிட்டுப் போன மனிதரை என்னவென்று திட்டுவது? எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. அதை அவரிடம் சொன்னால், "டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்பார்.

போன சீனப் புத்தாண்டுக்கு டப்பா மூடமுடியாத அளவுக்கு நிறைந்து வந்தது. அந்தப் பழைய அட்டை தீர்ந்து, இப்போது இரண்டாவது அட்டை தொங்குகிறது. அதற்கு நானே கோடு போட்டேன். இன்று காலை ஆறரை நிமிடம் குளித்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன்.