தயிர் போலீஸ்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பிட்டவர்களில் தயிர் போலீஸுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் போலீஸ் இல்லை, மெஸ் நடத்துகிறவர். சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. மீன் தின்ற வாயில் தயிர் பட்டால் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் மீன்குழம்பு வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர் வாளி பீரோவுக்குள் போய்விடும். சாவி அவர் இடுப்பில் இருக்கும்.

சோதனையும் உண்டு. திருமுக்கூடல் கொத்தனார் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் மோர் கொண்டுவந்து பிடிபட்டார். போலீஸ் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, தட்டிலிருந்த கெண்டை மீன் துண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"இன்னா வாத்தியாரே, துட்டு குடுத்துதானே துன்றேன்?"

"துட்டு நீ குடுப்ப. தோலு யாரு குடுப்பா?"

எதிரே எனக்கு செல்போன் ரிப்பேர் கடை. ஒருநாள் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே என் ஆள்காட்டி விரலில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சூடு பட்ட தழும்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு கட்டைவிரலில் வந்தது, அப்புறம் உதட்டோரத்தில். "குஷ்டமா இருக்கப் போவுது, பாத்துக்க" என்றார் சொந்தக்காரர் ஒருவர். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மெஸ்ஸில் என் பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஒவ்வொருவராக அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். இனி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளே இருக்காதோ என்ற பயத்தில் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

ஒரு மதியம் போலீஸ் எதிரே வந்து நின்றார்.

"கைய காட்டு நைனா."

இன்றோடு மெஸ்ஸும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"தயிரு எங்க துன்ன?"

"சத்தியமா துன்னலண்ணா."

"பின்ன எப்டி வந்துச்சி?" அவர் குரல் என் குரலைவிட அதிகமாக நடுங்கியது.

மறுநாள் மெஸ்ஸை மூடிவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப் போனார். அந்தம்மா அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கைக் காட்டினார். விரல்களில் திட்டுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. போலீஸ் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது வெண்புள்ளி. குஷ்டம் இல்ல, ஒட்டாது. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் குடுக்கிற செல்ல எதிரின்னு நெனச்சு அழிச்சிடுது. களிம்பு தர்றேன், தேவைப்பட்டா ஒளி சிகிச்சையும் குடுக்கலாம். முகத்துல நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். விரல் நுனியில கஷ்டம். பொறுமை வேணும்."

போலீஸ் தொண்டையைச் செருமினார். "மீனுகூட தயிரு துன்னா வருமாம்மா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"மோரு?"

"இல்ல."

"ஏரி மீனுக்குமா இல்ல?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். திரும்பி வரும்போது மாகறல் தாண்டுகிறவரை என் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் நிரம்பி வழிந்தது. என் பெஞ்சில் மட்டும் நான் தனியாக இருந்தேன். போலீஸ் பீரோவைத் திறந்து வாளியை எடுத்து வந்தார். என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மீன்குழம்புச் சோற்றில் தயிரை ஊற்றினார். பாதி மேஜைக்குப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். மெஸ்ஸே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? ஒட்டாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்சி. இந்த பெஞ்சில எடம் கீது, வந்து குந்துங்க."

கொத்தனார்தான் முதலில் தட்டோடு எழுந்து வந்தார். "அப்ப எனக்கும் ரெண்டு கரண்டி தயிரு."

உதட்டோரத்தில் நிறம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஞாயிறுதோறும் போலீஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் தயிர் ஊற்றிச் சாப்பிடுகிறார். கை கழுவியதும் கண்ணாடி முன்னால் போய் நின்று கழுத்து, காது, உதடு என்று தேடுகிறார். டாக்டரம்மா சொன்னதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. அவ்வளவு பயத்தோடும் அடுத்த ஞாயிறு தவறாமல் என் பக்கத்தில் வந்து உட்காருகிற மனிதரை விட்டுவிட்டு, வேறு இடத்தில் சாப்பிட எனக்கு மனசு வராது.