தலைகுப்புறப் பறந்த தேவதை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அந்த நாளில் தேவதை ஐயா அச்சடித்துத் தராமல் எவனும் தாலி கட்டியதில்லை. உருப்படியாகச் செத்ததும் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் என் மனைவியைக் கேட்கலாம். அவள் இன்னும் கூட்டிச் சொல்வாள்.

கீழ ராஜ வீதியில் அவருடைய அச்சாபீஸ். மாடியில் நான், சமஸ்தானக் குமாஸ்தா, கட்டைப் பிரம்மச்சாரி. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திருச்சியில் ஏதோ ஒரு பழைய அச்சாபீஸ் ஏலம் போனபோது மரத்தில் செதுக்கிய அச்சுப் படக்கட்டை ஒன்றை வாங்கி வந்தார்: இரண்டு றெக்கை, சுருட்டை முடி, வாயில் ஊதுகுழல். அவரிடம் இருந்த ஒரே படம் அந்தத் தேவதைதான்; ஊர் வைத்த பெயரும் அதனால்தான். படமில்லாத தாளை வெளியே அனுப்புவதோ அவருக்கு மானக்கேடு!

ஆகவே கிறிஸ்துமஸ் கீர்த்தனையிலும் தேவதை, பொங்கல் வாழ்த்திலும் தேவதை, ரம்ஜான் வாழ்த்திலும் தேவதை. திருக்கோகர்ணத்துப் பஜனை கோஷ்டிக்காரர் தாளைப் பார்த்துப் பதறிப்போனார்.

“என்னங்க இது, வேதக்காரங்க மாதா கோயில் படத்தப் போட்டிருக்கீங்க?”

“நல்லாப் பாருங்க. கந்தர்வன். ஊதுறது நாயனம்.”

“நாயனம் இம்புட்டுக் குட்டையாவா இருக்கும்?”

“நீட்டு நாயனத்தத் தூக்கிக்கிட்டுப் பறக்க முடியுமாங்க?”

கோஷ்டிக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு கட்டு சேர்த்து அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இரங்கற்பாவுக்கு மட்டும் கட்டையைத் தலைகீழாக வைப்பார். “துக்கத்துல எவன்யா நிமிந்து நிப்பான்?” என்பார். நாளடைவில் ஊரே இதைப் பழகிக்கொண்டது. எழுத்து தெரியாத பெண்கள்கூடத் தலைகீழ் தேவதையைத் தூரத்தில் கண்டதுமே மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடுவார்கள்.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம் எனக்குக் குளத்தூரில் பெண் நிச்சயமானது. “ஒங்க கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா நானே எழுதி நானே அடிக்கிறேன், தம்பி” என்று துள்ளினார் ஐயா. அதற்கு முந்தைய வேலை இலுப்பூர் மிராசுதார் ஒருவரின் இரங்கற்பா. அச்சுக் கோத்த இரும்புச் சட்டத்திலிருந்து ஈய எழுத்துகளை மட்டும் உருவிவிட்டு, கட்டையை அப்படியே விட்டு, என் வாழ்த்தைக் கோத்திருக்கிறார். நாளெல்லாம் எழுத்தைத் தலைகீழாகவே வாசித்துப் பழகிய கண்ணுக்கு எது நேர், எது கவிழ்ந்தது? பாட்டை வாய்விட்டுப் பாடிக்கொண்டே ரோஸ் தாளில் அடித்துத் தள்ளிவிட்டார்.

முகூர்த்தத்துக்கு முன்பே, பொறுக்கமாட்டாமல், பந்தலில் தாளை நீட்ட ஆரம்பித்தார். முதல் வரிசையிலேயே ஓர் ஒப்பாரி கிளம்பியது. பெண்ணின் தாய்மாமன் தாளைப் பார்த்தார். துள்ளி எழுந்தார்.

“கல்யாணப் பந்தல்ல கருமாதித் தாளா குடுக்குறீக? எந்திரி ஆத்தா! இந்தக் கல்யாணம் வேணாம்!”

மேளம் நின்றது. பெண்ணின் முகம் வெளுத்தது. மாலையும் கழுத்துமாக நான் முழித்துக்கொண்டிருந்தேன். ஐயா கையிலிருந்த தாளைப் பார்த்தார். தேவதை கவிழ்ந்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“கொஞ்சம் பொறுங்க,” என்றார். “கெணத்துல குதிக்கிற பய எப்புடிப் பாயுறான்? தலைகுப்புறத்தானே? மேல இருந்து கல்யாணத்துக்கு வாரவனும் அப்புடித்தான் வருவான். முகூர்த்தம் தப்பிரக் கூடாதுன்னு பாஞ்சு வாரான்!”

“அப்ப கருமாதிக்கு?” என்று மடக்கினார் தாய்மாமன்.

ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். பிழை என்ற சொல்லையே ஒப்புக்கொள்ளாத மனுஷர். “அதுதாங்க இத்தன நாளா நான் அடிச்ச தப்பு. செத்தவுகள மேல கூட்டிக்கிட்டுப் போறவன் நிமிந்துதானே பறக்கணும்? எனக்குப் புத்தி பத்தலைங்க.”

பந்தலில் யாரோ சிரித்தார்கள். தாய்மாமனும் சிரித்துவிட்டார். தாலி கட்டினேன்.

ஆனால் என் மனைவி நம்பவில்லை. பால் திரிந்தாலும் அந்தத் தாள்தான் காரணம். எனக்குத் தும்மல் வந்தாலும் அந்தத் தாள்தான். மாடியில் அவள் விசும்புவது கீழே கேட்டிருக்க வேண்டும். ஐயா அன்றிலிருந்து கல்யாணத் தாளிலெல்லாம் தேவதையைக் கவிழ்த்தார், துக்கத் தாளிலெல்லாம் நிமிர்த்தினார். வந்தவர்கள் சண்டை போட்டார்கள். இரங்கற்பா வேலையில் பாதி வேறு அச்சாபீஸுக்குப் போனது. அவர் பிடித்த பிடியை விடவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாள். ஐயாவுக்குக் காய்ச்சல் என்று கம்பாசிட்டர் ஒரு கல்யாண வாழ்த்தைத் தானே கோத்து, படத்தை நிமிர்த்தி அடித்துவிட்டான். பெண்ணைப் பெற்றவள் வாசலில் நின்று கத்தினாள்: “நல்ல காரியத்துக்கு நிமிந்த படமா? துக்கத் தாளாட்டம் இருக்கே! மாத்தி அடிங்க!”

தண்ணீர் எடுக்க இறங்கிய என் மனைவி குடத்தோடு அப்படியே நின்றாள். உள்ளே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐயா அவளைத்தான் பார்த்தார்.

“கேட்டியா ஆத்தா? ஒன் கல்யாணத் தாளு மாதிரித்தான் வேணுமாம்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பெற்ற தகப்பன்கூட மகளுக்காக இவ்வளவு செய்வானா என்று எனக்குத் தெரியாது.