நல்லசிவம் வாசித்த மாறுதல் மனு

உதகையிலுள்ள மலைப்பண்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் பியானோ இல்லை என்பது நெடுநாளாக யாருக்கும் தெரியாமலே இருந்தது. சென்னையிலிருந்து வந்த சுற்றறிக்கைதான் அதைக் கண்டுபிடித்தது. பியானோ இசை கேட்கும் ஊழியர்கள் கோப்புகளை வேகமாக நகர்த்துகிறார்களாம். ஏதோ குளிர்நாட்டில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே எல்லா மலை அலுவலகங்களும் பியானோ வைத்துக்கொள்ள வேண்டியது. இடமில்லாதவர்கள் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம். தொடக்க விழாவுக்குச் சிறப்பு ஆணையரே நேரில் வருவார்.

இதில் டைப்பிஸ்ட் நல்லசிவத்துக்கு என்ன வந்தது? மாறுதல் வந்தது, அதாவது வராமல் நின்றது. மனுஷன் அன்னூர்க்காரர். ஊட்டிக் குளிர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு விசிலடித்தது. ஊரில் மனைவி வேணியும், இப்போதுதான் பேச ஆரம்பித்த மகளும். அந்தக் குழந்தை செல்போனைக் காட்டி “அப்பா” என்னும். அப்பா நேரில் போய் நின்றால் வீறிட்டு அழும். மாறுதல் கேட்டு அவர் கொடுக்கும் மனு ஒவ்வொரு முறையும் காணாமல் போகும். மறுபடி அடிப்பார். அடித்து அடித்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் அடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

“விழா நல்லபடியா முடியட்டும். கையெழுத்துப் போட்டுடறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார் அலுவலகத் தலைவர் வசந்த்குமார்.

பியானோவை நிறுவும் பொறுப்பு ரெக்கார்டு ரூம் ஸ்டெபிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர் சர்ச்சில் வாசிக்கிறவள். மென்பொருளை இறக்கிவிட்டுத் தலைவரைக் கூப்பிட்டாள்.

“சார், எந்த ஹால்ல வாசிக்கிற மாதிரி கேக்கணும்னு கேக்குது. பெரிய அரங்கமா, சின்ன ரூமா?”

“பெரிய அரங்கம். அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்கணும்?”

“அது நெஜ அரங்கம் இல்ல சார்.”

“அப்ப அனுமதி சீக்கிரம் கெடைக்கும். எழுதிக் கேளு.”

அனுமதி வரும்வரை பியானோ சின்ன ரூமில் தற்காலிகமாக வைக்கப்பட்டது.

திரையில் தெரிந்த விசையைத் தட்டினால் சத்தம் சற்று யோசித்துவிட்டுத்தான் வந்தது. ஸ்டெபி அதைச் சரிசெய்யப் போனாள். தலைவர் பதறிவிட்டார்.

“தொடாதே! தட்டினதும் பதில் வந்தா அரசாங்கப் பியானோன்னு யாரும்மா நம்புவா?”

தன் வீட்டிலிருக்கும் மியூசிக் கீபோர்டைக் கொண்டுவந்து இணைக்கிறேன் என்றாள் ஸ்டெபி. தனியார் பொருளுக்கு அலுவலகத்தில் இடமில்லை என்றார் தலைவர். கம்ப்யூட்டருக்குத்தான் ஏற்கெனவே ஒரு கீபோர்டு இருக்கிறதே! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரத்தை ஒதுக்கினாள். வாசிக்கலாம் என்று உட்காரப் போனாள்.

“எழுந்திரு. கீபோர்டு தட்டறது டைப்பிஸ்ட் வேலை. நாளைக்கு சங்கத்துக்காரங்க கொடி பிடிச்சா நீயா பதில் சொல்லுவே? நல்லசிவம், நீங்க உக்காருங்க.”

“ஐயா, எனக்குப் பியானோ தெரியாதுங்க.”

“டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணினவர்தானே?”

“அது பண்ணியிருக்கனுங்க.”

“அப்புறம் என்ன?”

அப்புறம் ஒன்றுமில்லை. விழா நாள் வந்தது, ஆணையர் வந்தார், பொன்னாடைகள் வந்தன. நல்லசிவம் கீபோர்டின் முன் உட்கார்ந்தார். என்ன அடிப்பது? தலைக்குள் ஒன்றுமே இல்லை. விரல்கள்தான் பாவம், தங்களுக்குத் தெரிந்த ஒன்றைத் தொடங்கின. ‘ஐயா, வணக்கம். எனது மூச்சிரைப்பு நோயை முன்னிட்டு…’

மூச்சிரைப்பில் கீழ்ச் சுரங்கள் உறுமின. குடும்பச் சூழ்நிலையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மகளைப் பற்றிய வரி வந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சபையில் ஸ்டெபியைத் தவிர ஒருவருக்கும் பியானோ தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் முடியாது. ஆணையர் தலையாட்டினார். அதைப் பார்த்துத் தலைவர் ஆட்டினார். அவரைப் பார்த்து மண்டபமே ஆட்டியது. ஸ்டெபி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்தபோது சபை எழுந்து நின்றது.

“அபாரம்! கடைசியில ஒரு ஏக்கம் வந்ததே, என்னது அது?” என்றார் ஆணையர்.

“மாறுதல் மனுங்க ஐயா. அன்னூருக்கு.”

“மாறுதல் மனு! தலைப்பே எவ்வளவு எளிமையா இருக்கு பாருங்க!”

இப்பேர்ப்பட்ட கலைஞரை எக்காரணம் கொண்டும் மலையை விட்டு இறக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவானது. கூடவே இன்னொன்று: இனித் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் வரும் மனுக்களையும் நல்லசிவமே பியானோவில் வாசிப்பார்.

முதல் வாரம் அவர் அழுதுகொண்டே வாசித்தார். அழுகைக்குத் தனியாகக் கைதட்டல் கிடைத்தது. அடுத்த வாரம் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்து, வாசிக்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் இருக்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் நடுவட்டத்திலிருந்து எஸ்டேட் தொழிலாளி மூக்கம்மா வந்தாள். லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வருவதில்லை. அவள் மனு ஒலிக்க ஆரம்பித்தது. அதிகாரிகள் கண்ணை மூடினார்கள்.

பாதியில் அவள் எழுந்தாள். “ஏனுங்க, தண்ணி எப்ப வரும்?”

நல்லசிவம் விரல்களைத் தூக்கினார். முகம் சுண்டிப்போயிற்று.

“ஏனுங் அம்மிணி, ரசிக்கத் தெரியாதுன்னா ஊட்லயே இருக்கோணும். நடுவுல பேசுனா மொதல்ல இருந்து வாசிக்கோணுமுங்க.”

முதலிலிருந்து வாசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் மனுக்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்கள்.