கோட்டைத் தாண்டி ஓடிய சம்பந்திக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு சமையலறைக் குழாய் ஒழுகுவது நீங்கலாக நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தாங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஊரே பார்த்துவிட்டது. நடுவரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்த கையில் நல்ல பலம் தெரிந்தது. அந்த ஆரோக்கியம் என்றும் குறையாதிருக்கட்டும். மாவு மில்லும் குறைவில்லாமல் ஓடும் என்று நம்புகிறேன்.

நிற்க. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நம் மாப்பிள்ளை கால்பந்து கிளப்பில் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்ன வேலைக்கு? இரண்டாவது கோல்கீப்பர் வேலைக்கு. அதாவது முதல் கீப்பருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று பார்த்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்த கொக்கின் கதைதான். இந்த சீசனில் சனிக்கிழமை வரை அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அவர் பனியனில் புல் கறை பட்டதில்லை என்பதால் என் மகளுக்குச் சோப்புச் செலவு மிச்சம், அது ஒன்றுதான் லாபம். நான் என் பழைய சிநேகிதர் ஒருவரைப் பிடித்து, ரயில்வே பார்சல் ஆபீசில் அவருக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். உட்கார்ந்தே செய்கிற வேலை. அவருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கிறது. ஆனால் மாமனார் பேச்சு மாப்பிள்ளை காதில் ஏறுமா? தாங்கள் சொன்னால்தான் கேட்பார். "கையெழுத்துப் போடாதே" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். ஏன் என்பதற்கு சனிக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தாங்களும் அங்கேதான் இருந்தீர்கள் என்றாலும், தாங்கள் இருந்த நிலையில் எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கிளப்பிலிருந்து தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்து கோப்பை கொடுத்த பிறகு, ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் மைதானத்துக்குள் வந்து சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்கு நாலு பேர். என் மகள், பேரன், நான், என் மனைவி என்று நான்கு பேர் சலவைத் துணி உடுத்திக்கொண்டு வாசலில் அடக்கமாக நின்றிருந்தோம். அப்போது தங்கள் வேன் வந்தது. கதவு திறந்தது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வாசல் காவல்காரர் "இவ்வளவு பேரும் யாருங்க?" என்று கேட்டதற்குத் தாங்கள் "எல்லாம் பையனுக்கு ரத்த சம்பந்தம்" என்றீர்கள். தங்கள் மில் கணக்கப்பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன ரத்தம், என்ன சம்பந்தம்? தங்கள் தங்கை மடக்கு நாற்காலியோடு வந்தார். தங்கள் அண்ணன் மகன் அந்த உடம்பில், மாப்பிள்ளையின் முகம் அச்சடித்த பனியனை மாட்டிக்கொண்டு வந்தான். தொந்தியின் மேல் மாப்பிள்ளைக்கு முகம் இரண்டு பங்கு வீங்கியிருந்தது. கோல் போட்டவன் வீட்டார்கூட வெறுங்கையோடு வந்திருக்க, ஒரு பந்தைக்கூடத் தொடாத ஆட்டக்காரருக்கு மட்டும் பேனர், மேளம், வேன்.

சரி, போகட்டும். நம் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது, ஜெயித்தால் கோப்பை. ஆட்டம் முடியப் போகிறது என்று குடும்பத்தாரை எல்லாம் கீழே இறக்கி, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டிக் கோட்டோரம் நிறுத்தினார்கள். தாங்கள் என்னிடம் "எப்பங்க முடியும் சம்பந்தி?" என்று கேட்டீர்கள். வாழ்நாளெல்லாம் விசில் ஊதி, பச்சைக் கொடி ஆட்டி ரயிலைக் கிளப்பிய கார்டு நான். என்னிடம் நேரம் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? கடிகாரத்தைப் பார்த்து, "தொண்ணூறு நிமிஷம் ஆச்சுங்க, முடிஞ்சுது" என்றேன். இதில் என்ன பிழை? ஆட்டத்தில் வீணாய்ப் போன நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்கள் என்று எவன் கண்டான்? வழியில் மாடு குறுக்கே வந்தது, ஆகையால் கடிகாரத்தில் நாலு நிமிஷம் கூட்டிக்கொள்கிறேன் என்று எந்த கார்டாவது சொன்னதுண்டா? அந்த நேரம் பார்த்து நடுவர் விசில் ஊதினார். அது எதிர் அணிக்கு ஃப்ரீ கிக் கொடுப்பதற்காக ஊதிய விசில். நானோ வெயில் தாங்காமல் முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்து உதறினேன். கைக்குட்டை பச்சை. விசில் சத்தம் கேட்டால் என் கை தானாகவே பச்சையைத் தூக்கிவிடுகிறது என்று என் மகள் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அதைத் தாங்கள் நம்ப வேண்டாம். வியர்வை துடைத்தேன், அவ்வளவுதான். அதற்குத் தங்கள் அண்ணன் மகன் "கார்டே கொடி காட்டிட்டாரு, வாங்கடா!" என்று கத்தினால், நான் என்ன செய்ய முடியும்?

கயிறு அறுந்தது. தாங்கள் முன்னால் ஓட, வேன் மொத்தமும் பின்னால் ஓடியது. அதைப் பார்த்து மற்ற ஆட்டக்காரர்களின் குடும்பங்களும் ஓடின. குடும்பமே ஓடுகிறதே, ஆட்டம் முடிந்துவிட்டது போல என்று கேலரியில் இருந்த ஜனம் முழுக்கத் தடுப்பைத் தாண்டிக் குதித்தது. ஒருவன் மூலைக் கொடியைப் பிடுங்கினான். ஒருவன் ஞாபகார்த்தமாம், புல்லை வேரோடு பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஓர் ஆட்டக்காரரை நாலு பேர் பிடித்துக்கொள்ள ஐந்தாவது ஆள் அவர் ஷூவைக் கழற்றினான். தங்கள் தங்கை நடு மைதானத்து வட்டத்தில் நாற்காலியை விரித்து, "எங்க நின்னு எடுத்தா வெளிச்சம் நல்லா விழும்?" என்று எதிர் அணி கேப்டனைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுப்பதற்காக என் மகள் குழந்தையைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுக்க, அவர் இன்னொருவரிடம் கொடுக்க, கடைசியில் பேரன் எதிர் அணிப் பயிற்சியாளரின் இடுப்பில் இருந்தான். அவர் கண் கலங்கி நின்றார், பேரன் அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தாங்கள் நேரே கோலுக்கு ஓடினீர்கள். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு, கையுறை மாட்டிய ஒருவர் நின்றிருந்தார். "என் ராசா, ஜெயிச்சுட்டடா!" என்று பின்னாலிருந்தே அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினீர்கள். சம்பந்தி, அவர் முதல் கீப்பர். தங்கள் மகன் பெஞ்ச் மேல் ஏறி நின்று "அப்பா, அது நான் இல்லப்பா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையைக் கையுறையை வைத்தா அடையாளம் கண்டுபிடிப்பது? ஒரு சுற்றுச் சுற்றி, மில்லில் மூட்டையை இறக்குவதுபோல் தொப்பென்று இறக்கினீர்கள். மூட்டைக்கு முழங்கால் கிடையாது, மனிதனுக்கு உண்டு. 'டொக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. அவர் கீழே விழுந்து துடிக்கும்போது முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ யாருப்பா?" என்று அவரையே கேட்டீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதற்குள் தங்கள் அண்ணன் மகன் கோலின் குறுக்குக் கம்பியில் தொங்கி ஊஞ்சலாடத் தொடங்கியிருந்தான். ஓடி வந்த நடுவர் "ஆட்டம் இன்னும் முடியலைங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று கெஞ்சினார். "யோவ், ரயில்வே கார்டே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு, நீ யாருய்யா?" என்று தாங்கள் அவர் காலரைப் பிடித்ததுதான் பத்திரிகையில் வந்த படம். என்னை ஏன் அதில் இழுத்தீர்கள்?

கூட்டத்தை வெளியேற்றவே வெகுநேரம் ஆனது. தங்கள் தங்கையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதல் கீப்பரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள், நம் மாப்பிள்ளை கோலுக்குப் போய் நின்றார். எதிர் அணிக்காரன் அந்த ஃப்ரீ கிக்கை ஓங்கி உதைத்தான். பந்து குறுக்குக் கம்பியில் பட்டுத் திரும்பியது, கோப்பை நமக்கு. மாப்பிள்ளை பதற்றமே இல்லாமல் அசையாமல் நின்றார் என்று பத்திரிகைக்காரன் புகழ்ந்து எழுதியிருக்கிறான். "உட்கார்ந்தே இருந்ததுல கால் மரத்துப்போச்சு மாமா" என்று என்னிடம் சொன்னார். கம்பியோ, தங்கள் அண்ணன் மகன் தொங்கியதில் நடுவில் ஒரு சாண் தொய்ந்திருந்தது. இல்லாவிட்டால் பந்து உள்ளேதான் போயிருக்கும். ஆக, ஒரு வருஷ உழைப்புக்குக் கிடைத்த கோப்பையைக் கடைசியில் காப்பாற்றியது ஒருவனுடைய தொந்தி.

இதெல்லாம் ஊர் சிரிப்பாகச் சிரித்த கதை. நான் எழுத வந்தது இனிமேல்தான். உண்மையான கடைசி விசில் ஊதியபோது ஒருவரும் ஓடவில்லை. பிறகு முறைப்படி அழைத்தார்கள், குடும்பங்கள் போயின, கோப்பை தங்கள் வேன்காரர்கள் கையில் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. அப்போது ஓரத்தில் முதல் கீப்பர் முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும். சீசன் முழுக்க ஆடியவர் அவர். அப்பாவோடு கோப்பையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதற்காக அந்தக் குழந்தைக்கு அணியின் நிறத்திலேயே கவுன் தைத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை ஒருவரும் படத்துக்குக் கூப்பிடவில்லை. என் மகள் போய் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லக்கா, உங்க வீட்டுக்காரரும் எவ்வளவு நாள்தான் உட்கார்ந்தே இருப்பாரு" என்று கீப்பரின் மனைவி சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சம்பந்தி. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிளப் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆகவே இரண்டு விஷயம். தாங்கள் நேரில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாக, வேன் இல்லாமல். அடுத்தது, மாப்பிள்ளை கையெழுத்துப் போடக் கூடாது. ஒருத்தன் முழங்காலை ஒடைச்சுட்டு அவன் எடத்துல போய் நின்னு சம்பாதிக்கிற சோறு நம்ம வீட்டுக்கு வேண்டாங்க. நான் கௌரவமாகப் பிழைத்தவன், என் மகளும் அப்படியே பிழைக்கட்டும். இதில் எனக்கு இரண்டு பேச்சுக் கிடையாது.

சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் தங்கையின் நாற்காலி மைதானத்துக் காவல்காரரிடம் பத்திரமாக இருக்கிறதாம். கணக்கப்பிள்ளைக்கு என் ரத்த சம்பந்தமான அன்பு. அண்ணன் மகனுக்குத் தூரத்திலிருந்தே என் ஆசி. சகல சௌபாக்கியங்களும் பெற்று, கோட்டுக்கு இந்தப் பக்கமே நீடூழி வாழ வேண்டும் என்று கோரும்,

தங்கள் சம்பந்தி,
ரயில்வே கார்டு (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். முதல் கீப்பரின் முழங்காலை டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த சீசன் முழுக்க ஆடவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். நம் மாப்பிள்ளைதான் இனி முதல் கீப்பர்! சம்பளம் இரட்டிப்பு, கிளப் செலவில் வீடு. கையெழுத்தை வெள்ளிக்கிழமை வரை ஏன் தள்ள வேண்டும், நாளைக்கே போடச் சொல்லுங்கள். மேலே எழுதியவற்றைக் கிழித்துப் போட்டுவிடவும். பெரிய மனிதர்கள் கட்டிப்பிடித்தால் வீண்போகாது என்று என் மனைவி இப்போதுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்க இப்போதைக்குப் போக வேண்டாம், அவரும் ஓய்வெடுக்கட்டும். பார்சல் ஆபீஸ் வேலைக்கு அவரையே சிபாரிசு செய்யலாம் என்று நினைக்கிறேன்; உட்கார்ந்து செய்யும் வேலை, முழங்காலுக்கும் நல்லது. முதல் கீப்பர் குடும்பத்துக்குப் பாஸ் கூடுதலாகத் தருவார்களாம், அதில் என் தம்பி வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளவும்.

ஒரே ஒரு கவலைதான். இரண்டாவது கீப்பராகப் புதிதாக ஒரு பையனை எடுத்திருக்கிறார்களாம். அவன் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று உடனே விசாரித்து எழுதவும். மூட்டை தூக்குகிறவராக இருந்தால், அவரை மைதானத்துப் பக்கமே விடக் கூடாது.